நாட்டு நன்னீர் நத்தைகளைக் கொண்டு கன உலோக நச்சுத்தன்மையைச் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்தச் சோதனையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் உலோக உப்பை வாங்கிவிடுகிறார்கள். பிறகு நத்தை தேடிப் போகிறார்கள். தண்ணீரைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆய்வகக் குழாயில் வருவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். தண்ணீர் முதலில், நத்தை அடுத்து, உலோகம் கடைசியில்.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கிடைக்கக்கூடிய வசதிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவி ஒன்றே ஒன்றுதான் தேவைப்படும். அதையும் வெளியே கட்டணம் செலுத்திப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

எந்த உலோகம், எந்த நத்தை, எவ்வளவு காலம், எந்த விளைவு என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். எடுத்துக்காட்டாக: "செம்பு, இளம் லிம்னேயா நத்தைகளில் பாதியை 96 மணி நேரத்தில் கொல்லும் செறிவு எவ்வளவு?" இப்படி எழுத முடியாவிட்டால் ஆய்வகத்துக்குள் போக வேண்டாம்.

பாதி உயிர்களைக் கொல்லும் செறிவை எல்சி 50 என்பார்கள். முதன்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. வளர்ச்சி, முட்டையிடுதல் போன்றவை நுட்பமான அளவீடுகள். கொல்லும் செறிவு தெரியாமல் அவற்றுக்கான செறிவுகளைத் தீர்மானிக்க முடியாது.

முதல் உலோகமாகச் செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) எளிதில் கிடைக்கும், நன்றாகக் கரையும், நத்தைகள் அதற்கு விரைவாக வினைபுரியும். பாதரசத்தைத் தொடக்கநிலையாளர் கையில் கொடுக்கவே கூடாது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கை பழகிய பிறகு, கையுறையும் காற்றுப்போக்கி அறையும் இருந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

2. தண்ணீர்

மொத்தச் சோதனையும் இதில்தான் நிற்கிறது. நத்தையைத் தாக்குவது தண்ணீரில் தனித்துக் கரைந்து நிற்கும் உலோக அயனி. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த அயனியோடு நத்தையின் உடல் மேற்பரப்பில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. கார்பனேட் அதிகமாக இருந்தால் ஈயம் வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும். இலைச்சாறு, அழுகல் போன்ற கரிமப் பொருள்கள் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே அளவு செம்பு ஒரு தண்ணீரில் நத்தையைக் கொல்லும், இன்னொன்றில் ஒன்றும் செய்யாது.

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் மிகவும் கடினமானது. அதில் செய்த சோதனை உலோகத்தை இருப்பதைவிடச் சாதுவாகக் காட்டும். காய்ச்சி வடித்த நீரை நேரடியாகப் பயன்படுத்துவது அதைவிட மோசம். உப்புகளே இல்லாத நீரில் நத்தையின் உடல் உப்புச் சமநிலை குலைந்துவிடும். உலோகம் சேர்க்காத தொட்டியிலேயே சாவு விழும்.

நம்பகமான வழி, நீரை நாமே தயாரிப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மிதக் கடின நீருக்கான செய்முறை உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 96 மி.கி. சோடியம் பைகார்பனேட், 60 மி.கி. இருநீரேற்றக் கால்சியம் சல்ஃபேட், 60 மி.கி. நீரற்ற மக்னீசியம் சல்ஃபேட், 4 மி.கி. பொட்டாசியம் குளோரைடு. அலமாரியில் இருப்பது ஏழுநீரேற்ற மக்னீசியம் சல்ஃபேட் என்றால் 123 மி.கி. எடுக்க வேண்டும். கால்சியம் சல்ஃபேட் மெதுவாகத்தான் கரையும். மொத்த நீரில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, அதில் இரவு முழுவதும் கலக்கிக் கரைத்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் காற்றூட்டிய பின் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 80 முதல் 100 மி.கி. வரையிலும் பிஎச் 7.4 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும். கடினத்தன்மையை ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்யும் தரம்பார்த்தலில் சரிபாருங்கள். இந்த அளவுகள் வராவிட்டால் உப்புகளை எடை போட்டதில் எங்கோ பிழை இருக்கிறது.

குழாய் நீரைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், திறந்த வாளியில் குறைந்தது இரண்டு நாள் காற்றூட்டிக் குளோரினை வெளியேற்றுங்கள். குளோரினை நீக்கச் சோடியம் தயோசல்ஃபேட் போடுவது பலருக்குப் பழக்கம். உலோகச் சோதனையில் அது கூடாது. செம்பு, பாதரசம், வெள்ளி ஆகியவற்றை அது பிணைத்துக்கொள்ளும். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நீர்ப் பதப்படுத்திகளிலும் உலோகம் பிடிக்கும் சேர்மங்கள் இருக்கலாம், அவையும் வேண்டாம். காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் நீரைப் பிடிக்காதீர்கள். பித்தளைக் குழாய்முனையில் இரவெல்லாம் தேங்கி நின்ற நீரில் செம்பும் துத்தநாகமும் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

3. எந்த நத்தை

நம் நீர்நிலைகளில் எளிதில் கிடைப்பவற்றுள் மூன்று சோதனைக்கு உகந்தவை. அவற்றின் இயல்பு ஒன்றுக்கொன்று வெகுதூரம் வேறுபடுவதால் ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குப் பொருந்தாது.

வயலிலும் குளத்திலும் காணும் பெரிய உருண்டை நத்தை பைலா. தென்னிந்தியாவில் பச்சை கலந்த நிறமுள்ள பைலா விரென்ஸ் பரவலாக இருக்கிறது. செவுள், நுரையீரல் இரண்டாலும் சுவாசிக்கும். சுண்ணாம்பேறிய கெட்டியான மூடி ஒன்று இதற்கு உண்டு. நீர் பிடிக்கவில்லையென்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். கோடையில் சேற்றுக்குள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் இந்த உயிருக்கு 96 மணி நேரம் ஒரு பொருட்டே அல்ல. திசுக்களில் உலோகம் சேர்வதை அளக்கப் பைலா மிகவும் ஏற்றது. குறுகிய காலச் சாவுக் கணக்குக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து.

லிம்னேயா லூட்டியோலா சிறியது, ஓடு மெல்லியது, மூடி கிடையாது. ஒளிந்துகொள்ள முடியாததால் உலோகத்தை நேரடியாக எதிர்கொள்கிறது. கண்ணாடிச் சுவரிலேயே பசை போன்ற முட்டைத் தொகுதிகளை இடும். ஆய்வகத்தில் பெருக்கி ஒரே வயதுக் குஞ்சுகளைப் பெறலாம். சாவுச் சோதனைக்கு இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

மூன்றாவது, தட்டையாகச் சுருண்ட இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ். மற்ற இரண்டின் குருதியில் செம்பு கொண்ட ஹீமோசயனின் இருக்க, இதன் குருதியில் இரும்பு கொண்ட ஹீமோகுளோபின் இருக்கிறது. லிம்னேயாவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆர்வமூட்டும் உயிர்.

இனம் காண்பதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நம் குட்டைகளிலும் சாக்கடைகளிலும் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைசா அக்யூட்டா பெருகிக் கிடக்கிறது. அளவிலும் நிறத்திலும் லிம்னேயா போலவே தோன்றும். நத்தையின் கூர்முனை மேலே இருக்கும்படியும் வாய் உங்களைப் பார்க்கும்படியும் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் லிம்னேயா, இடப்பக்கம் இருந்தால் ஃபைசா. சேகரித்த ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்தாக வேண்டும். இரண்டு இனங்கள் கலந்த தொட்டியிலிருந்து வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. கடைசியில், இனத்தை உறுதிப்படுத்த அறிந்த ஒருவரிடம் ஓடுகளைக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். சில நத்தைகளை ஆல்கஹாலில் பாதுகாத்தும் வையுங்கள்.

4. சேகரிப்பு

வடகிழக்குப் பருவமழை தொடங்கி நீர்நிலைகள் நிறைந்திருக்கும் மாதங்களே ஏற்ற காலம். கோடையில் மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுத்த பைலா உறக்கநிலையில் இருக்கும். அதன் உடல் இயக்கமே வேறு.

தோல் பதனிடும் ஆலைகளோ சாயப்பட்டறைகளோ கழிவு விடும் இடத்துக்குக் கீழே எடுக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக உலோகத்தோடு வாழ்ந்த நத்தைகள் அதைத் தாங்கப் பழகியிருக்கலாம். அண்மையில் பூச்சிமருந்து தெளித்த வயலும் ஆகாது. பறவைகள் சரணாலயம், காப்புக்காடு ஆகியவற்றுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

எல்லா நத்தைகளையும் ஒரே குளத்தில் எடுங்கள். சேகரித்த இடத்தின் நீரில் ஒரு புட்டியும் கொண்டுவாருங்கள். அதன் கடினத்தன்மையும் பிஎச்-உம் அடுத்த படிக்குத் தேவைப்படும். கையுறை கட்டாயம். இண்டோபிளானார்பிஸ் வெளிவிடும் ஒட்டுண்ணி இளரிகள் (முதிராத புழுக்கள்) தோலில் கடுமையான அரிப்பை உண்டாக்கும். லிம்னேயா கால்நடைகளின் ஈரல் புழுவுக்கு இடைநிலை விருந்தோம்பி.

5. நோய் பார்த்தல், பழக்குதல்

வந்த அன்றே ஒவ்வொரு நத்தையையும் தனித்தனிச் சிறு பீக்கரில் சிறிது நீரோடு வைத்து, நல்ல வெளிச்சத்தில் சில மணி நேரம் விடுங்கள். கறுப்புத் தாள் பின்னணியில் பார்த்தால், நீரில் துடித்து நீந்தும் நுண்ணிய வெண்புள்ளிகள் தெரியலாம். அவை ஒட்டுண்ணி இளரிகள். அப்படி வெளிவிடும் நத்தையை ஒதுக்கிவிடுங்கள். ஒட்டுண்ணி தின்று வலுவிழந்த நத்தை சாகும்போது, செத்தது எதனால் என்று சொல்ல முடியாது.

பிறகு குளத்து நீரையும் சோதனை நீரையும் பாதிப்பாதியாகக் கலந்து தொடங்கி, சில நாட்களில் முழுச் சோதனை நீருக்குக் கொண்டுவாருங்கள். மொத்தம் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை பழக்குங்கள். 27 டிகிரி செல்சியஸ் அளவில் நிலையான வெப்பம், 12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள். இந்த நாட்களில் நத்தைகள் தொடர்ந்து செத்தால் அந்தத் தொகுதியைக் கைவிட்டு வேறு சேகரியுங்கள். "மீதம் இருப்பது போதும்" என்று முன்னேறுபவர்கள், ஏற்கெனவே சாகத் தொடங்கிய கூட்டத்தைத்தான் சோதிக்கிறார்கள்.

உணவுக்குக் கீரையோ முட்டைக்கோஸ் இலையோ போதும். சந்தைக் கீரையில் மருந்து தெளித்திருக்கும் என்பதால் பலமுறை கழுவி, கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்துப் போடுங்கள். பைலாவுக்கு வேலம்பாசி பிடிக்கும். ஓடு வளரக் கால்சியம் தேவை. கடற்கரை ஊர்களில் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போட்டு வைக்கலாம். ஆனால் அது வளர்ப்புத் தொட்டிக்கு மட்டும். சோதனைக் கலனில் போட்டால் கடினத்தன்மை ஏறி உலோகத்தை மழுங்கடித்துவிடும்.

லிம்னேயாவைப் பெருக்க முடிவு செய்தால், சுவரில் ஒட்டிய முட்டைத் தொகுதியைச் சவரக் கத்தியால் மெல்லச் சுரண்டி வேறு கிண்ணத்துக்கு மாற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். தேதியை எழுதி வைத்தால் வயது தெரிந்த நத்தைகள் கைவசம் இருக்கும். இளம் நத்தைகள் முதிர்ந்தவற்றைவிடப் பொதுவாக எளிதில் பாதிக்கப்படும் என்பதால், வயது கலந்தால் முடிவும் சிதறும்.

சோதனைக்கு ஒரு நாள் முன்பு உணவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரைப்பையில் இருப்பது எல்லாம் எச்சமாக வெளிவந்து உலோகத்தை உறிஞ்சும்.

6. கலன்கள்

கண்ணாடிக் கலன்களைச் சோப்பில் கழுவி, 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். முந்தைய சோதனையின் உலோகம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பு அதை எடுக்காது.

நத்தை மேலேறி வெளியே போய்விடும். ஆகவே மூடி வேண்டும், காற்றும் வேண்டும், நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே இடமும் வேண்டும். பலர் கடையில் கம்பி வலை வாங்கி வெட்டி மூடுகிறார்கள். அது துத்தநாகப் பூச்சுள்ள வலை. ஆவி பட்டு நீர்த்துளி சொட்டும்போதெல்லாம் துத்தநாகம் உள்ளே இறங்குகிறது. செம்புச் சோதனை நடப்பதாக நினைத்திருக்கும் தொட்டியில் இரண்டு உலோகங்கள் இருக்கும். உலோகமே இல்லாத கட்டுப்பாட்டுத் தொட்டியிலும் ஒன்று இருக்கும். நைலான் கொசுவலையை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். காற்றுக் குழாயின் முனையில் உலோகக் கவ்வி இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஈயம், செம்பு போன்றவை புதுக் கலனின் சுவரில் படியும். முதன்மைச் சோதனைக்கு முந்தின நாள் அந்தந்தக் கலனில் அந்தந்தச் செறிவுக் கரைசலை ஊற்றி வைத்து, மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சுவர் பிடித்துக்கொள்ள வேண்டியதை அதற்குள் பிடித்துக்கொண்டிருக்கும்.

7. தாய்க்கரைசல்

செறிவு எப்போதும் உலோகத்தின் எடையில் சொல்லப்பட வேண்டும், உப்பின் எடையில் அல்ல. ஐந்நீரேற்ற மயில்துத்தத்தில் கால் பங்கு மட்டுமே செம்பு. ஒரு கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டரில் கரைத்து "லிட்டருக்கு ஒரு கிராம் செம்பு" என்று எழுதியவரின் எல்சி 50 உண்மையைவிடச் சுமார் நான்கு மடங்கு பெரிதாக வரும்.

தாய்க்கரைசல் என்பது பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் அடர்ந்த கரைசல். அதில் லிட்டருக்கு ஒரு கிராம் உலோகம் கிடைக்க எடுக்க வேண்டிய எடைகள் இவை: ஐந்நீரேற்றச் செம்பு சல்ஃபேட் 3.93 கிராம், ஏழுநீரேற்றத் துத்தநாக சல்ஃபேட் 4.40 கிராம், நீரற்ற காட்மியம் குளோரைடு 1.63 கிராம், ஈய நைட்ரேட் 1.60 கிராம், ஆறுநீரேற்ற நிக்கல் குளோரைடு 4.05 கிராம், பொட்டாசியம் டைகுரோமேட் 2.83 கிராம். புட்டியின் முகப்பில் நீரேற்றம் என்ன என்பதை நிறுக்கும் முன் படியுங்கள். நீரற்ற செம்பு சல்ஃபேட்டுக்குரிய 2.51 கிராமை ஐந்நீரேற்ற உப்பில் எடுத்தால் செம்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

தாய்க்கரைசலைச் சோதனை நீரில் தயாரிக்காதீர்கள்; காய்ச்சி வடித்த நீரில் தயாரியுங்கள். சோதனை நீரின் கார்பனேட்டோடு இவ்வளவு அடர்த்தியான உலோகம் சேர்ந்தால் கலங்கிவிடும். கலங்கலைக் கண்டால் கொட்டிவிட்டுத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம், வடிகட்டியில் தங்கியது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

லிட்டருக்கு ஒரு கிராம் கரைசலிலிருந்து நேரடியாக 0.1 மி.கி. செறிவு செய்யப் போனால் லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டர், அதாவது சுமார் இரண்டு துளி மட்டுமே எடுக்க வேண்டிவரும். பிப்பெட்டில் அது துல்லியமாக வராது. நூறு மடங்கு நீர்த்து லிட்டருக்கு 10 மி.கி. இடைக்கரைசல் செய்துகொண்டால், ஒரு லிட்டருக்கு 10 மில்லிலிட்டர் என்று வசதியாக எடுக்கலாம்.

8. எல்லை காணும் சோதனை

இதைத் தவிர்த்துவிட்டு, கட்டுரை ஒன்றில் படித்த செறிவுகளை அப்படியே எடுத்துக்கொள்வது பெரிய தவறு. அந்தக் கட்டுரையின் நீர் வேறு, வெப்பம் வேறு, நத்தையின் வயது வேறு.

பத்துப் பத்து மடங்காக ஏறும் செறிவுகளை எடுங்கள்: லிட்டருக்கு 0.01, 0.1, 1, 10 மி.கி. ஒவ்வொன்றிலும் ஐந்து நத்தைகள், இரண்டு நாள். யாரும் சாகாத செறிவு எது, எல்லாம் சாகும் செறிவு எது என்று மட்டும் பாருங்கள். அந்த இரண்டுக்கும் இடையில் முதன்மைச் சோதனை நடக்கும். 0.01-இல் சாவே இல்லை, 0.1-இல் அனைத்தும் செத்தன என்றால், 0.010, 0.018, 0.032, 0.056, 0.10 என ஐந்து செறிவுகள் அமைக்கலாம். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் சுமார் 1.8 மடங்கு. இப்படிச் சம விகிதத்தில் ஏற்றினால்தான் மடக்கை அளவுகோலில் புள்ளிகள் சீராக விழும்.

9. முதன்மைச் சோதனை

ஐந்து செறிவுகள், உலோகம் சேர்க்காத ஒரு கட்டுப்பாடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று கலன்கள், கலனுக்குப் பத்து நத்தைகள். இளம் லிம்னேயாவுக்கு ஒன்றுக்கு 50 மில்லிலிட்டராவது நீர் வேண்டும். வளர்ந்த பைலாவுக்கு ஒன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. கலனுக்குப் பத்து என்பதும் அதற்குப் பொருந்தாது.

நத்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் போடுங்கள். கைக்கு முதலில் அகப்படுபவை சுவரில் ஏறித் திரியும் சுறுசுறுப்பான நத்தைகள். அவற்றையெல்லாம் முதல் கலனில் போட்டு, அடியில் கிடக்கும் சோம்பலானவற்றைக் கடைசிக் கலனில் போட்டால், சோதனை தொடங்கும் முன்பே முடிவு சாய்ந்துவிடும். ஒவ்வொரு நத்தையாக எல்லாக் கலன்களுக்கும் சுற்றிச் சுற்றிப் போடுங்கள். மேசையில் கலன்களின் இடத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள், சன்னல் ஓரத்துக் கலன் மட்டும் சூடாகாமல் இருக்க.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலைப் புதிதாக மாற்றுங்கள். நத்தையின் சளியும் எச்சமும் உலோகத்தை விரைவாகப் பிணைத்துக்கொள்கின்றன. மாற்றாமல் விட்டால் நான்காம் நாளில் நத்தை ஏறக்குறைய சுத்தமான நீரில் இருக்கும். மாற்றும்போது கட்டுப்பாட்டில் தொடங்கிக் குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்குப் போங்கள். கையிலும் இடுக்கியிலும் ஒட்டும் உலோகம் எதிர்த்திசையில் பரவாது.

சோதனை முடியும்வரை உணவு கிடையாது. ஒவ்வொரு நாளும் வெப்பம், பிஎச், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. செத்ததா, ஒளிந்திருக்கிறதா?

எண்கள் பெரும்பாலும் பிழையாவது இங்கேதான். சோதனை தொடங்கிய 1, 3, 6, 12 மணி நேரத்திலும், பிறகு 24, 48, 72, 96 மணி நேரத்திலும் பாருங்கள்.

பைலாவைப் பொறுத்தவரை மூடி இறுகச் சாத்தியிருந்தால் அது பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. செத்த பைலாவின் தசை தளர்ந்து மூடி இலேசாகத் திறந்து நிற்கும். மழுங்கிய ஊசியால் பாதத்தைத் தொட்டால் உள்ளிழுக்காது. சிறிது நேரத்தில் நாற்றமும் கிளம்பும். சந்தேகம் இருந்தால் சுத்தமான நீருள்ள தனிக் கிண்ணத்தில் ஒரு நாள் வையுங்கள். உயிருள்ளது மெல்ல மூடியைத் தள்ளிக்கொண்டு பாதத்தை நீட்டும். அப்படி வெளியே எடுத்ததை மீண்டும் சோதனைக் கலனில் போடக் கூடாது. மூடிக்கொண்டவற்றைத் தனி நிரலில் எழுதுங்கள். எத்தனை நத்தைகள் எந்தச் செறிவில் எந்த நேரத்தில் மூடிக்கொண்டன என்பதே பயனுள்ள விளைவு. சாவுக் கணக்கைவிடப் பல நேரம் அதுவே அதிகம் சொல்லும்.

லிம்னேயாவில் வேறு அடையாளங்கள். செம்பு பட்டதும் சளி அதிகமாகக் கசியும், பிடி தளர்ந்து சுவரிலிருந்து கழன்று அடியில் விழும், உணர்கொம்புகள் சுருங்கும். ஆனால் இவை சாவு அல்ல. தொட்டுப் பார்த்தும் அசைவில்லை என்றால் ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். இளம் லிம்னேயாவின் ஓடு ஒளி ஊடுருவும் அளவு மெல்லியது. அதன் வழியே இதயம் சிறு பை போலச் சுருங்கி விரிவதைக் காணலாம். ஒரு நிமிடம் முழுவதும் உற்றுப் பார்த்தும் துடிப்பு இல்லாவிட்டால்தான் செத்தது என்று எழுத வேண்டும்.

நீருக்கு மேலே சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும் நத்தை உலோகத்திலிருந்து தப்பிக்கிறது. எண்ணிக்கையைக் குறித்துவிட்டு மெல்ல உள்ளே தள்ளுங்கள். செத்ததை உடனே அகற்றுங்கள். அழுகும் உடல் அம்மோனியாவை விட்டு மற்றவற்றையும் கொல்லும்.

ஒரே ஆள் எல்லாக் கலன்களையும் பார்ப்பது நல்லது. அவருக்கு எந்தக் கலனில் என்ன செறிவு என்று தெரியாமல் குறியெண் மட்டும் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

11. நீரில் உண்மையில் எவ்வளவு உலோகம்?

கணக்குப்படி ஊற்றிய செறிவும் நத்தை சந்தித்த செறிவும் ஒன்றல்ல. புதிதாக நிரப்பியதும் ஒரு மாதிரி, மாற்றுவதற்குச் சற்று முன் ஒரு மாதிரி என ஒவ்வொரு செறிவிலும் எடுங்கள். 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, தூய நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து, பிளாஸ்டிக் புட்டியில் குளிரில் வையுங்கள். அணு உறிஞ்சல் நிறமாலைமானி உள்ள பல்கலைக்கழக மையத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கட்டணம் செலுத்தி அளக்கலாம். கட்டுப்பாட்டு நீரையும் மறவாமல் அனுப்புங்கள்.

அளந்தது கணக்கிட்டதிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால், எல்சி 50-ஐ அளந்த செறிவிலேயே கணக்கிட வேண்டும். பணம் குறைவு என்றால் செறிவுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆனால் முற்றிலும் விட்டுவிடாதீர்கள்.

12. கணக்கு

கட்டுப்பாட்டில் சாவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் சோதனை செல்லாது. திரும்பவும் செய்ய வேண்டும். அதற்குள் இருந்தால், உலோகமின்றியே விழும் சாவைக் கழிக்கும் அபட் திருத்தம்: சோதனைச் சாவு விழுக்காட்டிலிருந்து கட்டுப்பாட்டுச் சாவைக் கழித்து, 100-இலிருந்து கட்டுப்பாட்டுச் சாவைக் கழித்த எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். கட்டுப்பாட்டில் 5, சோதனையில் 62 என்றால் 57-ஐ 95-ஆல் வகுக்க 60 விழுக்காடு.

சில நத்தைகள் செத்துச் சில பிழைத்த செறிவுகள் குறைந்தது இரண்டு இருந்தால் புரோபிட் பகுப்பாய்வு செய்யலாம்; செறிவின் மடக்கைக்கு எதிரே சாவு விழுக்காட்டை நேர்கோடாக்கி எல்சி 50-ஐக் காணும் முறை அது. ஒன்றில் சாவே இல்லை, அடுத்ததில் எல்லாம் செத்தன என்று வந்தால் புரோபிட் பொருந்தாது. செறிவுகளின் இடைவெளியைக் குறைத்து மீண்டும் செய்வதே நேர்மையானது. 95 விழுக்காட்டு நம்பக எல்லைகள் இல்லாமல் எல்சி 50-ஐ வெளியிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே கடினத்தன்மை, பிஎச், வெப்பம், நத்தையின் இனமும் அளவும் எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை வேறு யாரும் பயன்படுத்த முடியாது.

13. ஆற்று நீரையோ ஆலைக் கழிவையோ சோதிக்கும்போது

பாலாற்றுப் படுகையில் குரோமியம் பற்றியும் நொய்யலில் சாயக்கழிவு பற்றியும் ஆராய விரும்பும் மாணவர்கள் ஏராளம். அவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கழிவுநீரை 100, 50, 25, 12.5, 6.25 விழுக்காடு எனச் சோதனை நீரால் நீர்த்து மேலே சொன்னபடியே செய்யலாம். ஆனால் தோல் பதனிடும் தொழில் குரோமியத்தோடு ஏராளமான உப்பையும் வெளியேற்றுகிறது. பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வருகிறது. சாயப்பட்டறையிலும் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள். நன்னீர் நத்தையைக் கொல்ல அந்த உப்பு மட்டுமே போதும். ஆகவே கழிவுநீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதே அளவுக்குச் சோதனை நீரில் சாதாரண உப்பு மட்டும் சேர்த்த ஓர் இணைத்தொடரையும் நடத்துங்கள். இரண்டிலும் சாவு ஒன்றுபோல் இருந்தால், அந்த நீரின் குரோமியத்தைக் குற்றம் சாட்ட உங்களிடம் சான்று இல்லை. இந்த ஓர் இணைத்தொடர் இல்லாததால் வீணாகும் ஆய்வுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அந்த ஊர் மக்களுக்குச் சான்று தேவைப்படுகிறது, அது அசைக்க முடியாததாக இருக்க வேண்டும்.

கழிவில் உள்ள குரோமியம் மூன்று இணைதிறனா, ஆறு இணைதிறனா என்பதும் பிரித்து அளக்கப்பட வேண்டும். தோலில் பயன்படுவது மூன்று இணைதிறன் வகை. நடுநிலை நீரில் பெரும்பகுதி வீழ்படிவாகிவிடும். ஆறு இணைதிறன் வகை கரைந்தே நிற்கும், உயிரணுவுக்குள் எளிதில் நுழையும். மொத்தக் குரோமியம் என்ற ஒரே எண் இரண்டையும் மறைத்துவிடுகிறது.

அறிக்கையில் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அது நத்தைக்குப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, வேறு நீர் கிடைக்காத இடத்தில் செம்பை லிட்டருக்கு 1.5 மி.கி. வரை அனுமதிக்கிறது. மிதக் கடின நீரில் லிம்னேயா அதைவிட மிகக் குறைந்த செறிவிலேயே சாகும்.

14. சாவுக்கு அப்பால்

கொல்லும் செறிவு தெரிந்த பிறகு அதற்கு வெகு கீழே உள்ள செறிவுகளில் நான்கு வாரம் வைத்து, இளம் நத்தைகளின் ஓட்டு நீளம், எடை, முட்டைத் தொகுதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளக்கலாம். ஈயத்துக்கு இதுவே சரியான வழி. ஓடு கட்ட நத்தை நீரிலிருந்து கால்சியத்தை விடாமல் இழுக்கிறது. ஈயம் அந்த இழுப்பைக் குலைக்கிறது. ஐரோப்பிய லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் நத்தையின் குஞ்சுகளில், மிகக் குறைந்த ஈயத்திலேயே வளர்ச்சி தடைபடுவது உறுதியாகியிருக்கிறது. அந்த நத்தைக்கான இனப்பெருக்கச் சோதனை முறையை ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) 2016-இல் 243-ஆம் வழிகாட்டுதலாக ஏற்றுக்கொண்டது. நம் லிம்னேயாவுக்கு அதைத் தழுவிக்கொள்ளலாம். வெப்பநிலை, வயது, காலம் ஆகியவற்றை மட்டும் நம் இனத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இங்கே உணவு கொடுக்க வேண்டும், எல்லாக் கலனுக்கும் நிறுத்து ஒரே அளவு.

பைலாவின் திசுவில் உலோகம் அளப்பதானால், எடுத்தவுடன் அறுக்காதீர்கள். சுத்தமான நீரில் ஒன்றிரண்டு நாள் வைத்துக் குடலைக் காலிசெய்ய விடுங்கள். இல்லாவிட்டால் குடலில் கிடக்கும் சேற்றின் உலோகமும் திசுக் கணக்கில் ஏறும். செரிமானச் சுரப்பியைத் தனியாகப் பிரித்தெடுங்கள். உலோகம் அதிகம் சேர்வது அங்கேதான். நத்தைகுத்தி நாரையும், நத்தைக்கறி உண்ணும் மக்களும் இதே பைலாவைத் தின்கிறார்கள் என்பதால், இந்த அளவீட்டுக்கு ஆய்வகத்துக்கு வெளியேயும் பொருள் உண்டு.

15. கழிவு

உலோகக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. உலோகத்துக்கு ஒரு கேன் என்று பெயர் எழுதி ஒட்டிச் சேர்த்து வையுங்கள். செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றைச் சோடியம் கார்பனேட் சேர்த்து வீழ்படிவாக்கிப் பருமனைக் குறைக்கலாம். டைகுரோமேட்டை முதலில் மூன்று இணைதிறனாக ஒடுக்கிய பிறகே வீழ்படிவாக்க முடியும். படிவு அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

பிழைத்த நத்தைகளைக் குளத்தில் விடாதீர்கள், உறைபெட்டியில் வைத்துக் கொன்று அதே கழிவோடு சேர்த்துவிடுங்கள். கட்டுப்பாட்டு நத்தைகளையும் வெளியே விட வேண்டாம். ஆய்வகத்தில் தொற்றிய நோயைக் குளத்துக்குக் கொண்டுபோகும். அவற்றை வளர்ப்புத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். கலன்களை அலசிய முதல் இரண்டு நீரும் கேனுக்குத்தான் போக வேண்டும்.